நாட்டு நடப்பு: எய்தவன் எங்கே?



"கனடாவிலே பொலிஸ் காரணமில்லாமல் ஆளைப் பிடிக்காது." புதிதாக வந்து இறங்குகிற குடும்பங்களுக்கு முந்தி வந்தவர்கள் சொல்லிக் கொடுக்கும் புத்திமதிகளில் இதுவும் ஒன்று. இதன் பின்னாலேயே இன்னொன்றும் வரும். "ஊர்வலம், கூட்டம் எண்டு ஒண்டுக்கும் போகாதேயுங்கோ. ஒதுங்கி நிண்டால் ஒரு தொல்லையும் வராது." சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். சோதனைச் சாவடிகளையும் நள்ளிரவுத் தேடுதல்களையும் கடந்து வந்த சனம் வேறு என்னத்தைச் சொல்லும்?

ஆனால் இந்த இரண்டு பேச்சும் முழு உண்மை அல்ல என்பதை ரொறன்ரோ நகரம் 2010ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கண்டது. பிந்தி வந்தவர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்தவர்களும் அதன் முதல் பாதியைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எரிந்த பொலிஸ் கார் எல்லோருக்கும் ஞாபகம். அதற்குப் பிறகு யார் பதில் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்பது அநேகருக்குத் தெரியாது. நாம் இம்முறை கதைக்கப் போவது அந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான்.

அந்த இரண்டு நாட்கள்

ஜி-20 என்பது உலகின் பெரிய பொருளாதாரங்களைக் கொண்ட நாடுகளின் கூட்டு. அதன் தலைவர்கள் 2010 யூன் 26, 27ஆம் திகதிகளில் ரொறன்ரோவில் கூடினார்கள். வடக்கே ஹன்ட்ஸ்வில் என்ற சிற்றூரில் சிறிய ஜி-8 மாநாடு நடப்பதற்குத்தான் முதலில் ஏற்பாடு. பிறகு பெரிய மாநாடும் சேர்ந்து கொண்டது. அதைச் சனமும் கடையும் நெருங்கிக் கிடக்கும் நகரத்தின் நடுவுக்குக் கொண்டு வந்து வைத்தது பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பரின் மத்திய அரசு. ஆயத்தம் செய்வதற்குப் பொலிசாருக்குக் கிடைத்தது சில மாதங்களே. மாநாட்டு மண்டபத்தைச் சுற்றி ஆளுயரத்தை விட உயர்ந்த இரும்பு வேலி எழுந்தது. இரண்டு மாநாடுகளின் பாதுகாப்புக்கு என்று ஒதுக்கப்பட்ட பணம் மட்டும் 90 கோடி டொலருக்கு மேல்.

யூன் 26, சனிக்கிழமை. தொழிற்சங்கங்களும் மற்ற அமைப்புகளும் கூட்டிய ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் அமைதியாக நடந்தார்கள். அதிலிருந்து கறுப்பு உடை, முகமூடி அணிந்த ஒரு கூட்டம் பிரிந்து போய் யங் தெருவிலும் அயல் தெருக்களிலும் கடைக் கண்ணாடிகளை உடைத்தது. பொலிஸ் கார்கள் எரிந்தன. இது குற்றம். செய்தவர்களைத் தேடிப் பிடிப்பது பொலிசாரின் கடமை. இதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது.

ஆனால் நடந்தது வேறு. உடைத்தவர்கள் உடைத்துவிட்டு, கறுப்பு உடையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூட்டத்தோடு கலந்து போனார்கள். அதற்குப் பிறகுதான் கைதுகள் பெருகின. அன்றிரவு எஸ்பிளனேட் தெருவில் ஒரு ஹோட்டலுக்கு முன்னால் இருந்த கூட்டத்தைப் பொலிசார் இரண்டு பக்கமும் அடைத்துச் சுமார் 260 பேரைக் கைது செய்தார்கள். மறுநாள் ஞாயிறு மாலை, குயின் தெருவும் ஸ்படைனாவும் சந்திக்கும் நாற்சந்தியில் நின்றவர்களை நாலாபுறமும் வளைத்தார்கள். கொட்டுகிற மழையில் மணிக்கணக்காக அவர்கள் அங்கே நிறுத்தி வைக்கப்பட்டார்கள். ஊர்வலத்துக்கு வந்தவர்கள் மட்டுமல்ல, கடைக்குப் போனவர்கள், வீட்டுக்குத் திரும்பிக் கொண்டிருந்தவர்கள், என்ன நடக்கிறதென்று எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் அதற்குள் அகப்பட்டார்கள். ஒதுங்கி நின்றவர்களுக்கும் தொல்லை வந்தது!

ஆங்கிலத்தில் இதற்குக் 'கெற்றிலிங்' என்று பெயர். நமக்கு அதற்குப் புதுச்சொல் தேடத் தேவையில்லை. சுற்றிவளைப்பு.

அந்த வார இறுதியில் கைது செய்யப்பட்டவர்கள் 1,100 பேருக்கு மேல். கனடாவின் வரலாற்றிலேயே மிகப் பெரிய கூட்டுக் கைது இதுதான். 1970இல் கியூபெக்கில் ஆட்கடத்தல்கள் நடந்தபோது, பிரதமர் பியேர் ட்ரூடோ போர்க்காலச் சட்டத்தையே கொண்டு வந்தார். அப்போதுகூடப் பிடிபட்டவர்கள் ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவு. ரொறன்ரோவில் பிடிபட்டவர்கள் ஈஸ்டர்ன் அவெனியூவில் இருந்த ஒரு பழைய படப்பிடிப்புக் கூடத்துக்குள் கம்பிக் கூடுகளில் அடைக்கப்பட்டார்கள். வெறும் சீமெந்துத் தரை, குளிர், குடிதண்ணீருக்கும் தட்டுப்பாடு. சட்டத்தரணியோடு பேசவே பலருக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. கடைசியில் பெரும்பான்மையானவர்கள் மீது வழக்கே இல்லை. வழக்குப் போடப்பட்டவர்களிலும் பெரும்பாலானோரின் வழக்குகள் பிறகு கைவிடப்பட்டன.

வர்த்தமானியில் வராத சட்டம்

இந்தக் கதையில் நம்மவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1939இல், இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில், ஒன்ராறியோ மாகாணம் ஒரு சட்டம் இயற்றியது. பொதுவேலைகள் பாதுகாப்புச் சட்டம் என்று அதைச் சொல்லலாம். மின்சார நிலையங்களையும் அணைகளையும் எதிரிகள் தகர்க்காமல் காப்பதற்காக வந்தது. அந்த இடங்களை நெருங்குகிற எவரிடமும் காவலாளி பெயர் கேட்கலாம், பிடியாணை இல்லாமல் சோதனை போடலாம். மறுத்தால் இரண்டு மாதம் வரை சிறை. எல்லை எதுவரை என்பதில் காவலாளி சத்தியம் பண்ணிச் சொன்னால் அதுவே முடிந்த முடிவு.

எழுபது வருடம் பழையதான இந்தச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். பொலிஸ் தலைவர் கேட்டுக்கொண்டபடி, 2010 யூன் 2ஆம் திகதி மாகாண அமைச்சரவை ஒரு விதியை நிறைவேற்றியது. வேலிக்கு உட்பட்ட சில பகுதிகள் அந்தச் சட்டத்தின் கீழ் வந்தன. முதல்வர் டால்ரன் மக்கின்ரியின் அரசு இதைப்பற்றிப் பத்திரிகைகளுக்கு அறிவிக்கவில்லை. அரசாங்க இணையத்தளத்தில் ஒரு மூலையில் போட்டார்கள். அச்சு வர்த்தமானியில் அது வரவிருந்த நாள் யூலை 3. அதாவது மாநாடு முடிந்து, தலைவர்கள் எல்லோரும் விமானம் ஏறிப் போய் ஆறு நாள் கழித்து!

அது போதாதென்று, வேலிக்கு வெளியே ஐந்து மீற்றர் தூரத்துக்குள் வருகிற எவரையும் சோதிக்கலாம் என்ற கருத்தும் பொலிஸ் தரப்பிலிருந்து பரவியது. மாநாடு முடிந்த பிறகு, அப்படி ஒரு ஐந்து மீற்றர் சட்டம் இருக்கவே இல்லை என்று பொலிஸ் தலைவர் பில் பிளேயர் ஒத்துக்கொண்டார். ஆனால் அந்த நாட்களில் வேலிக்கு எங்கோ தூரத்தில் நின்றவர்களின் பைகளும் சோதிக்கப்பட்டன.

அதே ஆண்டு டிசம்பரில் மாகாண ஒம்புட்ஸ்மன் அன்ட்ரே மாரன் தமது அறிக்கையை வெளியிட்டார். அந்த விதி சட்டவிரோதமானதாக இருக்கலாம், அரசியலமைப்புக்கும் முரணாக இருக்கலாம், அதை மக்களுக்கு அறிவிக்காமல் விட்டது பெரும் பிழை என்று அதில் சொன்னார். முன்னாள் பிரதம நீதியரசர் றோய் மக்மேற்றி 2011இல் அந்தச் சட்டத்தையே நீக்கும்படி சிபாரிசு செய்தார். அதற்குப் பதிலாக வேறொரு சட்டம் நிறைவேற 2014 ஆகிவிட்டது.

அவசரகால விதிகளுக்குள் வளர்ந்தவர்கள் நாம். சட்டம் என்ற பெயரில் எதுவும் வரலாம் என்பது நமக்கு ஊரிலேயே பாடம். இங்கேயும் அது வரலாம் என்பதுதான் புதுப்பாடம்.

பதின்மூன்று மாதத்துக்கு முன்

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2009 மே 10ஆம் திகதி, வன்னியில் சனம் செத்துக் கொண்டிருந்த நேரம், நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தார்கள். குழந்தைகள் இருந்தார்கள், வயது போனவர்கள் இருந்தார்கள். நகரின் பிரதான நெடுஞ்சாலை மணிக்கணக்காக நின்றது. பலர் திட்டினார்கள், பத்திரிகைகளும் கண்டித்தன. அந்த வாரங்களில் சில கைதுகளும் நடந்தன. ஆனால் அன்றிரவு பொலிசார் கூட்டத்தை அடித்துக் கலைக்கவில்லை, ஆயிரம் பேரை அள்ளிக்கொண்டு போகவும் இல்லை. பேசினார்கள், பொறுத்திருந்தார்கள். நள்ளிரவு அளவில் சனம் தானாக இறங்கி வீட்டுக்குப் போனது.

அதே நகரம். அதே பொலிஸ் தலைவர். இடையில் பதின்மூன்றே மாதம்.

இதிலிருந்து தெரிவது என்ன? 2010இல் நடந்தது மழை பெய்வது போலத் தானாக நடந்த காரியம் அல்ல. பொறுத்திருக்கவும் தெரிந்த ஒரு பொலிஸ் சேவை, வேறு விதமாக நடக்கும்படி கட்டளையிடப்பட்டது. கட்டளை என்று ஒன்று இருந்தால் கட்டளையிட்டவர் ஒருவர் இருப்பார். அதற்கு இடம் கொடுத்தவர் ஒருவர் இருப்பார். பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தவரும் இருப்பார்.

யார் பதில் சொன்னார்கள்?

தொழிற்சாலையில் வேலை செய்கிற எங்களுக்கு இது விளங்காத விடயம் இல்லை. மெஷினில் ஒருவனின் விரல் போய்விட்டால் முதல் விசாரணை விரல் போனவனிடம்தான். "நீ ஏன் கவனிக்கவில்லை?" பிறகு பக்கத்தில் நின்றவனிடம். லைனின் வேகத்தைக் கூட்டச் சொன்னவர் யார், பாதுகாப்புத் தகட்டைக் கழற்றச் சொன்னவர் யார் என்ற கேள்வி மேல் மாடிப் படியில் ஏறவே ஏறாது.

ஜி-20 கதையும் அதே படிக்கட்டில்தான் நின்றது. அன்று பெயர்ப் பட்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு கடமை செய்த சுமார் 90 பொலிசாருக்கு ஒரு நாள் சம்பள வெட்டு. ஒருவரை அடித்ததற்காக ஒரு காவலர் 2013இல் நீதிமன்றத்தில் குற்றவாளியானார். சுற்றிவளைப்புகளுக்குக் கட்டளையிட்ட ஒரு சுப்பிரின்டென்டன் 2015இல் ஒழுக்காற்று மன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார். அவருக்குக் கிடைத்தது கண்டனமும் 30 நாள் வெட்டும். மேன்முறையீட்டுக்குப் பிறகு வெட்டு 60 நாளாகக் கூடியது. அவ்வளவுதான்.

அதற்கு மேலே? மாநாட்டை நகர நடுவில் வைத்த மத்திய அரசு பகிரங்க விசாரணை நடத்த மறுத்தது. 2011 மே மாதத் தேர்தலில் ஹார்ப்பர் பெரும்பான்மையோடு திரும்பி வந்தார். இரகசியமாக விதி நிறைவேற்றிய மாகாண அரசும் அதே ஆண்டு ஒக்டோபர் தேர்தலில் மீண்டும் ஆட்சிக்கு வந்தது. பொலிஸ் தலைவர் பிளேயர் 2015இல் ஓய்வு பெற்று, அதே ஆண்டு நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் ஸ்காபரோவில், தென்மேற்குத் தொகுதியில் போட்டியிட்டு நாடாளுமன்றம் போனார். பிறகு பொதுப் பாதுகாப்பு அமைச்சராகவும் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார். மக்கள் வாக்களித்தார்கள், வென்றார். அதில் முறைகேடு எதுவும் இல்லை. ஆனால் வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வந்தவரிடம், "ஐயா, அந்த இரண்டு நாளைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்ட வீடுகள் எத்தனை இருக்கும்?

கடைசியில், கைதானவர்கள் தொடுத்த கூட்டு வழக்கு பத்து வருடம் இழுபட்டு 2020 ஒக்டோபரில் முடிந்தது. இணக்கத் தொகை 1 கோடியே 65 இலட்சம் டொலர். ஆளுக்கு 5,000 டொலரிலிருந்து 24,700 டொலர் வரை. அவர்களின் கைதுப் பதிவுகளை அழிக்கவும் பொலிஸ் சேவை சம்மதித்தது. பிழைகள் நடந்ததை ஏற்று வருத்தமும் தெரிவித்தது. நல்ல விடயம். ஆனால் அந்தப் பணம் கட்டளையிட்டவரின் பையிலிருந்து வரவில்லை. வரி கட்டுகிறவர்களின் பணம் அது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே அம்புக்கு ஒரு சின்னத் தட்டு விழுந்தது. அபராதத்தைக் கட்டியதோ ஊர்ச் சனம்!

இப்படி நடந்தது இது முதல் தடவையும் அல்ல. 1997 நவம்பரில் வன்கூவரில் ஏபெக் மாநாடு நடந்தது. இந்தோனேசியாவின் சுகார்த்தோ வருவதை எதிர்த்த மாணவர்கள் மீது பல்கலைக்கழக வளாகத்தில் மிளகுத் தூறல் அடிக்கப்பட்டது. விசாரணை நடத்திய முன்னாள் நீதிபதி ரெட் ஹியூஸ் 2001இல் அறிக்கை கொடுத்தார். பொலிசாரைக் கண்டித்ததோடு, மத்திய அரசும் முறையற்ற விதத்தில் தலையிட்டது என்றார். பிரதமர் ஜீன் கிரெத்தியேன் அந்த விசாரணைக்கு வந்து சாட்சி சொல்லவில்லை. அந்தப் பாடத்தை அன்றே ஒழுங்காகப் படித்திருந்தால் 2010 வந்திராது என்பது எங்கள் எண்ணம்.

கேளாதவர்கள்

இவ்வளவு அறிக்கைகளிலும் நாம் முக்கியமாகக் கருதுவது முன்னாள் நீதிபதி ஜோன் மோர்டன் 2012 யூனில் கொடுத்த அறிக்கையைத்தான். ரொறன்ரோ பொலிசுக்கு மேலே பொலிஸ் சேவைச் சபை என்று ஒன்று உண்டு. நகர சபை உறுப்பினர்களும், நகரமும் மாகாணமும் நியமிக்கும் பொதுமக்களுமாக அதில் ஏழு பேர் இருப்பார்கள். பொலிசைச் சனத்தின் சார்பில் மேற்பார்வை செய்வதுதான் அவர்களின் வேலை. அந்தச் சபை தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று மோர்டன் எழுதினார். நடவடிக்கை விடயங்களில் தலையிடக் கூடாது என்று நினைத்து அவர்கள் திட்டத்தைப் பற்றிக் கேள்வியே கேட்காமல் விட்டார்கள். கட்டளையிடுவது வேறு, கேள்வி கேட்பது வேறு. கேட்பதற்குச் சபைக்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் இருந்தது.

கேட்க வேண்டியவர்கள் கேளாமல் விட்டதால் ஆயிரம் பேர் கூட்டுக்குள் கிடந்தார்கள். இதுதான் இந்தக் கதையின் சாரம்.

நாம் என்ன செய்யலாம்?

"எங்களுக்கு இன்னும் பேப்பர் வரவில்லை, நாங்கள் எப்படிக் கேட்கிறது?" என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்காகச் சில விடயங்கள்:

ஒன்று. காரணமின்றித் தடுத்து வைக்கப்படாத உரிமை, பிடித்தால் காரணம் அறியும் உரிமை, தாமதமின்றிச் சட்டத்தரணியோடு பேசும் உரிமை ஆகியவை கனடாவின் உரிமைகள் சாசனத்தில் பிரஜைகளுக்கு மட்டும் எழுதப்படவில்லை. "ஒவ்வொருவருக்கும்" என்று எழுதப்பட்டுள்ளது. 1985இல் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில், அந்த "ஒவ்வொருவர்" என்ற சொல்லுக்குள் அகதிக் கோரிக்கையாளரும் அடக்கம் என்று தீர்த்தது. அமைதியாகக் கூடும் உரிமையும் அப்படியே எல்லோருக்கும் உண்டு.

இரண்டு. தெருவில் பொலிஸ் நிறுத்தினால் ஓட வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம். "என்னைத் தடுத்து வைக்கிறீர்களா, நான் போகலாமா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். பட்டியிலுள்ள பெயர், இலக்கம், நேரம், இடம் எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்தவுடன் எழுதி வையுங்கள்.

மூன்று. கைது என்பது குற்றத் தீர்ப்பு அல்ல. ஆனால் சின்ன வழக்குத்தானே, ஒத்துக்கொண்டு முடித்து விடுவோம் என்று எவரும் அவசரப்படக் கூடாது. குற்றத்தை ஒத்துக்கொள்வது குடிவரவுக் கோப்பைப் பாதிக்கலாம். முதலில் குடிவரவுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணியைக் கேளுங்கள்.

நான்கு. ஒன்ராறியோவில் பொலிசார் மீதான முறைப்பாடுகளை ஏற்க 2024இலிருந்து சட்ட அமுலாக்க முறைப்பாட்டு முகவரகம் இயங்குகிறது. முறைப்பாடு செய்யப் பிரஜையாக இருக்க வேண்டியதில்லை. நாட்களைக் கடத்தாமல் செய்ய வேண்டும்.

ஐந்து. பொலிஸ் சேவைச் சபையின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டு எவரும் போய்ச் சில நிமிடம் பேசலாம். நம்முடைய கோயில் சபைக் கூட்டங்களிலும் ஊர்ச் சங்கக் கூட்டங்களிலும் கணக்குக் கேட்டு விடிய விடிய வாதாடுகிற சனம் நாம்! அந்தக் கெட்டித்தனத்தில் கொஞ்சத்தை இங்கேயும் காட்டலாம். வாக்குரிமை வந்தவர்களுக்கோ தேர்தல் நேரம் வாசலுக்கு வருகிற வேட்பாளர் இருக்கிறார். அவரிடம் வீதி விளக்கையும் வரியையும் கேட்கிறபோது இதையும் கேட்கலாம்.

பொலிசார் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்வதற்காக நாம் இதை எழுதவில்லை. கார்டினரில் பொறுத்து நின்றவர்களும் பொலிசார்தான். ஊரோடு ஒப்பிட்டால் இங்கே பிடிபட்டவர்கள் வீடு திரும்பினார்கள். அறிக்கைகள் வந்தன. சட்டம் மாறியது. பணமும் கிடைத்தது. இந்த வித்தியாசம் சின்ன வித்தியாசம் அல்ல. ஆனால் இவற்றில் ஒன்றாவது ஆட்சியில் இருந்தவர்கள் தாமாக விரும்பிக் கொடுத்ததல்ல. மழையில் நின்றவர்கள் பத்து வருடம் விடாமல் கேட்டதால் வந்தவை.

மாநாடுகள் இனியும் வரும். 2018இல் கியூபெக்கின் ஷார்லவுவாவிலும் 2025இல் அல்பேர்ட்டாவின் கனனாஸ்கிசிலும் ஜி-7 தலைவர்கள் கூடினார்கள். ஒருநாள் மறுபடியும் நம்முடைய தெருவுக்கே வரக் கூடும். அப்போது வேலி போடுவதற்கு முன்னமே கேட்க வேண்டிய கேள்விகள் இவை: எந்தச் சட்டத்தின் கீழ்? யார் கட்டளை? யார் பொறுப்பு? கூட்டுக்குள் இருந்துகொண்டு கேட்பதை விட வெளியில் நிற்கும்போது கேட்பது சுலபம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.